நிறப்புரி

ஐந்து ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
நானும் நிரோஜினியும், ஒரு நுண்ணோக்கி,
ஒரு புட்டி ஜீம்சா சாயம்.
வாசல் பலகை எழுதியவன்
முதல் எழுத்துக்கு அடுத்த ரோவுக்குத்
துணைக்கால் போட மறந்து
குரேமோசோம் ஆக்கிவிட்டான்.
மூன்று வருஷமாக ஒருவரும் கவனிக்கவில்லை.

தண்டபாணிதான் கேட்டார்:
அப்படின்னா என்னங்க?

முடிவைச் சொல்வது என் வேலை இல்லை.
டாக்டர் ஏற்காட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்,
டவர் கிடைக்கவில்லை.
மைதிலி கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொல்லை மட்டும் சொல்லலாமே என்று சொன்னேன்.

கிரேக்கத்தில் குரோமா, நிறம். சோமா, உடல்.
நிறமுள்ள உடல்.
வேடிக்கை என்னவென்றால் அதற்கு நிறமே கிடையாது.
தண்ணீருக்குள் தண்ணீர் மாதிரி கிடக்கும்.
அந்தக் காலத்து ஜெர்மன்காரர்கள்
செல்லின் மேல் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள்.
மற்றதெல்லாம் வெளிறிக் கிடக்க
இது மட்டும் குடித்துக்கொண்டது.
குடித்த சாயத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

பவளத்தானூர் முகாமிலிருந்து பஸ் மாறி வரும் நிரோஜினி
"எங்கட புத்தகத்தில நிறமூர்த்தம்" என்றாள்.
மூர்த்தம் என்றதும் மைதிலியின் கை
கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்து
பாதியில் இறங்கியது.
நான் படித்ததில் நிறப்புரி, என்றேன்.

"புரியா?"
தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.
கொண்டலாம்பட்டியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்.
முறுக்கு இருக்குமா?
இருக்கும்.
சாயம் நல்லா புடிக்கும்?
அதனால்தான் அந்தப் பேர்.
"அப்ப நிறம் நீங்க ஊத்துனது. நூலோடது இல்ல."

மூன்று வருஷக் கல்லூரியில்
இதை இத்தனை சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

படத்தை எடுத்து வைத்தேன்.
பிரிந்து ஓடப் பார்க்கிற நேரத்தில்
காந்தள் கிழங்கில் இருக்கும் அதே விஷத்தால்
நிறுத்திப் பிடித்த புரிகள்.
ஊதா, என்றேன்.
"கத்திரிப்பூ" என்று திருத்தினார்.
அவர் நகக்கண்ணில் பழைய நீலம்,
என் நகக்கண்ணில் அந்தக் கத்திரிப்பூ.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்,
ஒரே நேரத்தில் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனோம்.

சிட்டம் எண்ணுகிற விரலால் எண்ணினார்.
"நாப்பத்தஞ்சு. ஒண்ணு குறையுது."
குறையவில்லை, என்றேன், என் வேலை இல்லை என்பதை மறந்து.
பதினாலாவதும் இருபத்தொன்றாவதும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
எதுவும் தொலைந்துபோகவில்லை.
பிரித்துக் கொடுக்கும்போதுதான் கணக்கு தப்பும்.

மைதிலி முதல்தடவையாகப் பேசினாள்.
"இது யாரோடது?"

நான்கு வருஷம், மூன்று கரு.
வீட்டில், தெருவில், கோயில் வரிசையில்
"இவளுக்குத் தங்காது" என்று
அவள்மேல் ஊற்றி ஊற்றி ஊறவைத்த சொல் ஒன்று.
ஏசி தன்பாட்டுக்குச் சொட்டியது.
படத்தின் மேல் மூலையில்
டைப் அடித்த பெயரை அவரே வாசித்துவிட்டார்.

உங்களுடையது நாற்பத்தாறு, என்றேன் அவளிடம்.
எல்லாம் அதனதன் இடத்தில்.

வெகுநேரம் கழித்து,
"வெளுக்க முடியுமாங்க?" என்று கேட்டார்.
சாயத்தை வெளுக்கலாம், என்றேன்.
தலையாட்டினார். பட்டறைக்காரருக்கு அதற்கு மேல் எதற்கு?
குழந்தைக்கு வழி இருக்கிறது, டாக்டர் சொல்வார் என்றேன்.
அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

ஜிப் திறக்கிற சத்தம்.
மைதிலி படத்தை மடிக்காமல்
பையில் செங்குத்தாகச் செருகினாள்.
"அத்தைகிட்ட நான் காட்டிக்கிறேன்."
படியில் அவள் முன்னால் இறங்கினாள்,
அவர் பைக் சாவியைத் தேடிக்கொண்டே பின்னால்.

சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில்
ஸ்டூல் போட்டு ஏறி
கறுப்பு மார்க்கரால் அந்தத் துணைக்காலைப் போட்டேன்.
இடம் போதவில்லை.
ரோவும் மோவும் ஒட்டிக்கொண்டன.

படிக்க முடிகிறது.